எழுதிக்கோ, சொல்றேன்

சிதம்பரத்தில் யாரிடமாவது கொத்சு எப்படிச் செய்வது என்று கேட்டுப் பாருங்கள். பதில் "எங்க வீட்டுல..." என்றுதான் தொடங்கும். எங்கள் வீட்டில் கத்தரிக்காயை நல்லெண்ணெயில் சுருள வதக்குவோம். எங்கள் வீட்டில் தணலில் சுட்டுத் தோலை உரித்துப் பிசைவோம். எங்கள் வீட்டில் வெங்காயத்தைக் கிட்டவே சேர்ப்பதில்லை. எங்கள் வீட்டில் சின்ன வெங்காயம் இல்லையென்றால் அது கொத்சே இல்லை. பக்கத்து வீட்டுக் கொத்சை ஒரு வார்த்தை குறை சொல்லாமல் தன் வீட்டுக் கொத்சை விவரிப்பவரை அந்த ஊரில் பார்ப்பது அரிது. ஆனால் கேட்டு வந்தவரைக் குறிப்புச் சொல்லாமல் திருப்பி அனுப்புபவரும் அங்கே அரிதுதான்.

நடராசர் கோயில் நைவேத்தியம் சம்பா சாதம். பொலபொலவென்று வடித்த சாதத்தில் நெய்யும் மிளகும் சீரகமும் சேர்த்துக் கலந்தது. அதற்குத் துணை கத்தரிக்காய் கொத்சு. மடைப்பள்ளியிலிருந்து புறப்பட்ட இந்த இரண்டும் தலைமுறை தலைமுறையாக ஊரின் அடுப்படிகளில் உலவி வருகின்றன. எதிர்த் திசையிலும் ஒரு போக்குவரத்து உண்டு. மார்கழித் திருவாதிரைக்கு வீட்டுக்கு வீடு கிண்டும் களி ஓர் ஏழை வீட்டு அடுப்பிலிருந்து கோயிலுக்குப் போனது என்பது ஊரறிந்த கதை. விறகு விற்றுப் பிழைத்த சேந்தனார், மழையில் விறகு நனைந்து விலைபோகாத நாளில், வீட்டிலிருந்த மாவைக் கிண்டி அடியாருக்குப் படைத்தாராம். மறுநாள் விடிந்தபோது அந்தக் களி கருவறையில் சிதறிக் கிடந்ததாம். திருப்பல்லாண்டு பாடிய அதே சேந்தனார்தான். கோயிலிலிருந்து வீட்டுக்குக் கொத்சு, வீட்டிலிருந்து கோயிலுக்குக் களி என்று சமையல் இரு வழியும் நடமாடிய ஊர் இது.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே பேருந்தில் ஒரு மணி நேரச் சொச்சம்தான். அந்தச் சின்னப் பரப்பையும் அதன் அக்கம்பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால் எத்தனை சமையல்கள்! தேவனாம்பட்டினம், தாழங்குடா, சோனங்குப்பம் என்று நீளும் மீனவர் குப்பங்களுக்கு ஒரு கை. பரங்கிப்பேட்டை முஸ்லிம் வீடுகளுக்கு ஒரு கை. பண்ருட்டிச் செம்மண்ணில் பலாவும் முந்திரியும் விளைவிக்கும் வீடுகளுக்கு வேறொரு கை. இவற்றில் அச்சேறியவை மிகக் கொஞ்சம். மற்றதெல்லாம் அக்கா தங்கைக்குச் சொல்லி, அண்ணி நாத்தனாருக்குச் சொல்லி, பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சொல்லித்தான் உயிரோடு இருக்கின்றன. சொல்பவர் இருக்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டும். எழுதுவதை முழுதாக எழுத வேண்டும். இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

முழுதாக என்றால் என்ன? கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு மாமி கொத்சு சொல்லிக் கொடுத்ததைக் கேளுங்கள்.

சாமான் பட்டியல் அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. பிஞ்சுக் கத்தரிக்காய், புளி, தனியா, கடலைப்பருப்பு, மிளகாய் வற்றல், பெருங்காயம், துளி வெல்லம், நல்லெண்ணெய். இதை எந்தப் புத்தகத்திலும் பார்க்கலாம். அதற்குப் பிறகு அவர் சொன்னவைதான் குறிப்பு. "பருப்பை முதல்ல வறுத்துக்கோ. தனியாவையும் அதையும் சேர்த்துப் போட்டா பருப்பு செவக்கறதுக்குள்ள தனியா கருகிடும்." "மொத்தமா அரைச்சு டப்பால போட்டு வெச்சுக்காதே. அன்னிக்குப் பொடி அன்னிக்குத்தான்." "புளிஜலம் பச்சை வாசனை போகாம பொடியைப் போட்டுடாதே. போட்டப்புறம் அடுப்பைத் தணிச்சுடு, அடி பிடிக்கும்." எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும் என்று கேட்டதற்குக் கடிகாரத்தைப் பார்க்காமல் வாணலியைக் காட்டினார். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நின்றது. கரண்டியில் எடுத்து இலையில் விட்டார். ஓடாமல் விட்ட இடத்தில் நின்றது. "இப்படி நிக்கணும். ஓடித்துன்னா சாம்பார் ஆயிடும்."

இத்தனை டீஸ்பூன், இத்தனை கிராம் என்று மட்டும் எழுதிய குறிப்பில் தவறில்லை. ஆனால் அதில் பாதிதான் இருக்கிறது. எண்ணெய் பிரிவதும், இலையில் நிற்பதும், தனியா கருகும் என்ற எச்சரிக்கையும் மீதிப் பாதி. பக்கத்தில் நின்று கேட்டால்தான் அது கிடைக்கும்.

அந்த மீதிப் பாதியையும் காகிதத்தில் கொண்டுவர முடியும் என்று காட்டியவர் எஸ். மீனாட்சி அம்மாள். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். அவர் கைப்பக்குவம் உறவுக்குள் பேர்போனது. அந்தச் சாம்பார்ப் பொடி எப்படி, இந்த ஊறுகாய் எப்படி என்று கேட்டு உறவினர்களிடமிருந்து கடிதங்கள் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதிக்கொண்டிருந்தவரிடம், இதையெல்லாம் ஒரு புத்தகமாகவே எழுதிவிடலாமே என்று சொன்னவர் அவருடைய மாமா கே.வி. கிருஷ்ணசாமி ஐயர். 'சமைத்துப் பார்' 1951-இல் வெளிவந்தது. அதற்குப் பிறகு கல்யாணமாகிப் புக்ககம் போகும் பெண்ணுக்குப் பாத்திரங்களோடு அந்தப் புத்தகத்தையும் வைத்து அனுப்புவது பல குடும்பங்களில் வழக்கமே ஆகிவிட்டது. கடல் கடந்து போன பெட்டிகளிலும் அது இருந்தது. ஆங்கிலத்திலும் வந்தது.

அந்தப் புத்தகம் இத்தனை காலம் நின்றதற்கு என் கணிப்பில் ஒரே காரணம், அது கடிதத்தில் பிறந்தது. கடிதம் எழுதுபவருக்கு எதிரே ஓர் ஆள் இருக்கிறார். பதினாறு வயதில் தனியாக ஓர் அடுப்பின் முன் நின்று திகைக்கும் பெண். அவளுக்கு எங்கே கை தடுமாறும் என்று எழுதுபவருக்குத் தெரியும். அதனால்தான் எதையும் 'உனக்கே தெரியும்' என்று விட்டுவிடாமல் எழுதினார் மீனாட்சி அம்மாள். அவர் கொடுத்த அளவுகள் ஆழாக்கும் பலமும். எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது அன்று வீட்டுக்கு வீடு தெரிந்த கணக்கு. 1950-களின் இறுதியில் மெட்ரிக் அளவை வந்தது. அதன் பிறகு கடைகளில் பலமும் படியும் மெல்ல மறைந்தன. இன்று பாட்டியின் நோட்டை எடுத்துப் பார்க்கும் பேத்திக்கு முதலில் இடறுவது இந்த அளவுதான். படியே ஊருக்கு ஊர் வேறுபட்டது என்பது இன்னும் சிக்கல். உங்கள் வீட்டில் பழைய உழக்கோ ஆழாக்கோ பரணில் கிடந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதில் ஒருமுறை அரிசியை அளந்து, இன்றைய டம்ளரில் எவ்வளவு வருகிறது என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். அந்த நோட்டு முழுவதும் மறுபடி பேசத் தொடங்கிவிடும்.

வடலூரில் இன்னொரு வகைக் குறிப்பு உண்டு. வள்ளலார் 1867 மே 23 அன்று தொடங்கிய தருமச்சாலையின் அணையா அடுப்பைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். சிதம்பரத்துக்குப் பக்கத்து மருதூரில் பிறந்த அவர், தம்மைச் சார்ந்தவர்களுக்கு அன்றாட ஒழுக்கம் சொல்லும்போது ஒரு பானத்தின் செய்முறையையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் ஆகியவற்றைச் சூரணமாக்கி வைத்துக்கொள்வது. அதில் கொஞ்சம் எடுத்து, பாலும் தண்ணீரும் சரிக்குச் சரியாக விட்டு, விட்ட தண்ணீர் சுண்டிப் பால் மட்டும் நிற்கும்வரை காய்ச்சுவது. பிறகு நாட்டுச் சர்க்கரை. எத்தனை நிமிடம் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. விறகடுப்பானாலும் கேஸ் அடுப்பானாலும் தண்ணீர் சுண்டினால் இறக்க வேண்டியதுதான். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் சன்மார்க்க அன்பர்கள் வீடுகளில் அதே முறையில் அது காய்ச்சப்படுகிறது. குறிப்பு எழுத உட்காருபவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய பாடம் இது.

கூடையில் வந்த குறிப்பு

இனி, எழுதப்படாத பக்கத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் முக்கியமானது இதுதான்.

'சமைத்துப் பார்' ஒரு சமூகத்தின் சைவச் சமையலைப் பாதுகாத்தது. அது பெரிய காரியம். ஆனால் கடலூர்த் துறைமுகத்தில் விடியற்காலை ஏலம் எடுத்து, கூடையைத் தலையில் சுமந்து தெருத் தெருவாக விற்கும் பெண்களின் சமையலை அதே அக்கறையோடு யார் எழுதினார்கள்? எழுத்தறிவு எட்டாத வீடுகளின் கைப்பக்குவம் எழுத்தில் இல்லாமலே போனது. அதைச் சமையலின் குறை என்று நினைக்கப் பழகிவிட்டோம்.

இத்தனைக்கும் குறிப்பு கொடுப்பதில் மீன்காரம்மாவை மிஞ்ச ஆளில்லை. மீனை விற்றுவிட்டுப் போவதோடு அவர் வேலை முடிவதில்லை. "சங்கராவுக்குப் புளி கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்மா. நெத்திலிக்கு மாங்கா போடு, புளியக் கொறச்சிக்க. கொழம்பு நல்லா கொதிச்சி அடங்கனப்புறம் மீனப் போடணும். போட்டுட்டுக் கரண்டிய உள்ள விடாத, மீன் ஒடஞ்சிரும். சட்டியத் துணியால புடிச்சி ஒரு சுத்து சுத்தி வுடு." படிக்கட்டில் கூடையை இறக்கி வைத்து மீனை ஆய்ந்துகொண்டே சொல்லும் இந்த நாலு வாக்கியத்தில் ஒரு முழுச் சமையல் வகுப்பு இருக்கிறது. எந்த வீட்டில் பிள்ளை பெற்றவள் இருக்கிறாள், எந்த வீட்டில் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். பால்சுறா கிடைத்த அன்று அந்த வாசலில் கேட்காமலே நிற்பார். வீட்டுக்குள் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சாப்பாடு போடாத தெருக்களிலும் அவர் சொன்ன பக்குவம் அடுப்படிவரை போயிருக்கிறது. அந்தத் தெருக்களின் மீன் குழம்புக்கு அவர் பெயரைச் சொல்லத்தான் யாருமில்லை.

பால்சுறாப் புட்டையே எடுத்துக்கொள்வோம். சுறாத் துண்டுகளை மஞ்சள் போட்ட வெந்நீரில் வேகவைத்து எடுத்தால், மணலைத் தடவினாற்போல் சொரசொரக்கும் மேல்தோல் கையோடு உரிந்து வரும். நடுவில் இருக்கும் குருத்தெலும்பை எடுத்துவிட்டு, சதையைப் பிழிந்து, தண்ணீர் இல்லாமல் உதிர்க்க வேண்டும். இந்தப் பிழிவதில்தான் சூட்சுமம். ஈரம் நின்றால் புட்டு கூழாகும், கவிச்சியும் போகாது. சுறாவின் சதையில் யூரியா இயல்பாகவே இருக்கிறது; மீன் பழசாகப் பழசாக அது அம்மோனியாவாக மாறி மூக்கைத் துளைக்கும். அதனால்தான் "மோந்து பாத்து வாங்கு" என்பார்கள். பிறகு எண்ணெய் காய்ந்ததும் கடுகு, கறிவேப்பிலை, நிறைய வெங்காயம், பூண்டு, இஞ்சி. வெங்காயம் வதங்கியதும் உதிர்த்த சுறா. தீயைத் தணித்து உதிரி உதிரியாக வரும்வரை கிளற வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கு என்றால் மிளகாயைக் குறைத்து மிளகையும் பூண்டையும் கூட்டுவார்கள். பிரசவித்த பெண்ணுக்கு என்று தனியாக ஒரு பக்குவம் இருப்பதும், அதை அவள் கேட்கும் முன்பே யாரோ ஒரு பெரியவர் வந்து சொல்வதும் அந்தக் கரையில் இயல்பான காரியம்.

2004 டிசம்பர் 26 காலை இந்தக் குப்பங்களுக்குள் கடல் புகுந்தது. வீடும் படகும் வலையும் போன கணக்கை அரசு எடுத்தது. போனவர்களில் பெண்கள் ஏராளம். எந்த மீனுக்கு எந்தக் காய், எந்த மாதத்தில் எந்தக் கருவாடு என்று மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அந்தக் கணக்கை எடுக்க வழியே இல்லை.

கரையிலிருந்து உள்ளே போனால் பண்ருட்டி. அங்கே பலாக்கொட்டையும் கத்தரிக்காயும் போட்டு வைக்கும் கருவாட்டுக் குழம்பில் கடலூர்க் கரையும் பண்ருட்டித் தோப்பும் ஒரே சட்டியில் சேர்ந்துவிடும். கருவாடு விற்கப் போனவர் சொன்னாரா, பலாக்கொட்டை வைத்திருந்தவர் கண்டுபிடித்தாரா, யாரறிவார்! பலாப்பிஞ்சைப் பொடியாகக் கொத்திச் செய்யும் பொரியலும், ஓடு முற்றாத பச்சை முந்திரியைப் பால் கையில் படாமல் பக்குவமாகப் பிளந்து எடுத்துச் செய்யும் குழம்பும் அந்தப் பக்கத்தின் சொத்து. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது தலைமுறை கண்ட பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. புதுக் கன்று வளர்ந்து காய்க்கும் வரைக்கும் பலாப்பிஞ்சு அந்த வீடுகளில் எளிதில் கிடைக்கும் பொருளாக இல்லை. சமைக்காத பண்டத்தைப் பிள்ளைகள் பார்த்துக் கற்க முடியாது. எழுதி வைத்திருந்தால் மட்டும் காத்திருக்கும்.

பரங்கிப்பேட்டை நோன்புக் கஞ்சியைச் சொல்லாமல் விட முடியாது. ரமலானில் பள்ளிவாசலில் காய்ச்சும் கஞ்சி, தூக்குவாளியோடு வருகிற எல்லோருக்கும் உண்டு. குருணை, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, புதினா, தேங்காய்ப்பால். பக்கத்து வீட்டு இந்துப் பிள்ளைகள் நோன்பு மாதம் எப்போது வரும் என்று காத்திருப்பதும், அவர்களுடைய அம்மாக்கள் மற்ற மாதங்களில் அதே கஞ்சியை வீட்டில் செய்து பார்த்துவிட்டு "வெந்தயம் எப்பப் போடணும் பூமா?" என்று கேட்கப் போவதும் தமிழ்நாட்டின் பல ஊர்களில் நடப்பதுதான். கேட்கப் போகும் அந்த நடை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 1988-இல் இந்தியச் சமையல் நூல்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் இந்த நடையைத்தான் ஆராய்ந்தார். நகரத்து நடுத்தரக் குடும்பப் பெண்கள் சாதி, மொழி, மாநிலம் கடந்து குறிப்புகளைப் பரிமாறிக்கொண்டதைப் புத்தகங்களின் பெருக்கத்தோடு இணைத்துக் காட்டினார். நம் பக்கத்தில் அதைப் பார்க்க வேண்டுமானால் நெய்வேலி நகரியத்துக்குப் போகலாம்; 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் குடியிருப்புகளுக்கும் போகலாம். எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்த குடும்பங்கள் ஒரே வரிசை வீடுகளில் குடியிருந்த இடங்கள். ஆந்திராக்காரர் வீட்டு கோங்குராவும் மலையாளி வீட்டு அவியலும் கடலூர்ப் பெண்களின் நோட்டுகளுக்குள் இப்படித்தான் நுழைந்தன.

குறிப்பு எழுதுவது மனிதர்களுக்கு எவ்வளவு ஆழமான தேவை என்பதற்கு வெளியிலிருந்து ஒரு சான்று. இரண்டாம் உலகப் போரின்போது செக் மண்ணில் தெரேசின் என்ற இடத்தில் நாஜிகள் அடைத்து வைத்திருந்த யூதப் பெண்கள், பட்டினியில் கிடந்தபடியே தங்கள் வீட்டு கேக்கையும் வாத்துக் கறியையும் நினைவிலிருந்து எழுதினார்கள். இது இப்படிச் செய்வதில்லை, அப்படித்தான் என்று அங்கேயும் வாதாடியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரான மினா பேஷ்டர் 1944-இல் அங்கேயே இறந்தார். இறக்கும் முன் அந்தத் தாள்களை மகளிடம் சேர்க்கச் சொல்லி ஒருவரிடம் ஒப்படைத்தார். நியூயார்க்கில் இருந்த மகள் கைக்கு அவை வந்து சேர இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. 1996-இல் புத்தகமாக வந்தது. சில குறிப்புகளில் சாமான் விட்டுப்போயிருக்கிறது, சிலவற்றில் செய்முறை பாதியில் நிற்கிறது. அடுத்த வேளை உணவே நிச்சயமில்லாதவர்கள் இன்னொருவர் சமைப்பார் என்று நம்பி எழுதியவை அவை.

எதைக் கேட்பது?

இன்று கடலூரிலிருந்து சிங்கப்பூருக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் போகிறது. "எழுதிக்கோ, சொல்றேன்" என்ற அம்மாவின் குரலே கிடைக்கும்போது எழுத என்ன அவசியம் என்று தோன்றலாம். போன் மாறும்போது அந்தக் குரல்களில் பாதி காணாமல் போகிறது என்பது ஒன்று. சமைத்துக்கொண்டிருக்கும்போது நாலு நிமிடப் பேச்சில் தனியா வறுக்கும் இடத்தைத் தேடிப் பிடிக்க முடியாது என்பது இன்னொன்று. குரலைப் பத்திரப்படுத்துங்கள், கேட்டு எழுதியும் வையுங்கள்.

குறிப்பைக் கொடுக்கத் தயங்குபவர்களும் இருக்கிறார்கள். ஊறுகாய் போட்டு விற்றும் மெஸ் நடத்தியும் பிழைப்பவருக்குப் பக்குவமே முதலீடு. அவரிடம் கேட்காமல் இருப்பதே மரியாதை. ஆனால் மருமகளுக்குத் தெரிந்துவிட்டால் தன் மதிப்புக் குறைந்துவிடும் என்று ஒரு சாமானை மறைத்துச் சொல்வது வேறு. வீட்டில் சமையலைத் தவிர வேறெதிலும் பெயர் கிடைக்காத பெண் அந்தப் பெயரை விட்டுக்கொடுக்கத் தயங்குவதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அதற்கு மருந்து அவருடைய பெயரைக் குறிப்பின் தலையில் எழுதுவதுதான். 'பெரியம்மா வத்தக்குழம்பு' என்று நோட்டில் ஏறிவிட்டால் அவர் மறைக்க மாட்டார். மகன்களும் பேரன்களும் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஆண் பிள்ளை வந்து பேனாவோடு அடுப்படியில் நின்றால் எந்த ஆயாவும் இரண்டு மடங்கு சொல்வார்.

கேட்கும்போது அளவை மட்டும் கேட்காதீர்கள். எந்தப் பாத்திரம், எத்தனை பேருக்கு, எந்தக் கடைப் பெருங்காயம் என்று கேளுங்கள். மீனுக்கு உள்ளூர்ப் பெயரையே எழுதுங்கள். கடலூரில் கவலை என்பதை வேறு சில ஊர்களில் மத்தி என்பார்கள், இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். 'பக்குவமா வந்ததும்' என்று அவர் சொன்னால் அங்கே நிறுத்தி, பக்குவம் என்றால் கண்ணுக்கு என்ன தெரியும், மூக்குக்கு என்ன தெரியும், கைக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள். கெட்டுப்போனால் என்ன செய்வது என்று கட்டாயம் கேளுங்கள். உப்புக் கூடினால், புளி தூக்கினால், களி கட்டி தட்டினால் என்ன செய்வது என்பது புத்தகத்தில் வராது, அவரிடம்தான் இருக்கும். அவர் யாரிடம் கற்றார் என்றும் கேளுங்கள்.

வரும் மார்கழித் திருவாதிரைக்கு இந்தப் பக்கத்து வீடுகளில் களிக்கு ஏழு காய்க் குழம்பு வைப்பார்கள். ஏழு என்பது பேச்சுக்குத்தான். ஒன்பது போடும் வீடும் உண்டு, அதற்கு மேலும் உண்டு. வாழைக்காய், பூசணி, பரங்கி, சேனை, அவரை, சர்க்கரைவள்ளி, மொச்சை என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரிசை. அன்று கிண்ணத்தில் களியும் குழம்பும் பக்கத்து வீட்டிலிருந்து வரும். கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பது நம் வழக்கம். இந்த முறை கிண்ணத்தோடு ஒரு பேனாவையும் எடுத்துப் போய், எந்தக் காயை முதலில் போட்டார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.